கணவரை அடக்கம் செய்த அன்றே ஊருக்குக் கிளம்பும் அம்மா: 'தி பிரதர்ஸ் மெக்முல்லன்' (1995)

#1 திரைச்சீலை

இந்தப் படத்தை இத்தனை வருடம் தவறவிட்டிருந்தேன். நேற்று இரவுதான் பார்த்தேன். முதல் காட்சியில் மனதில் விழுந்த கேள்வி இன்னும் போகவில்லை, அதனால்தான் இந்த இழை.

பார்க்காதவர்களுக்குக் கதை: நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஓர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா இறந்துவிட்டார். அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்திலேயே அம்மா நடு மகன் பாரியிடம் பேசுகிறாள். அயர்லாந்துக்கே திரும்பப் போகிறேன் என்கிறாள். கல்யாணத்துக்கு முன் தான் நேசித்த ஃபின்பார் ஓஷாக்னஸி என்பவர் அங்கே இருக்கிறாராம். முப்பத்தைந்து வருடத்தை உன் அப்பாவுக்குக் கொடுத்தாயிற்று, நான் செய்த தவறை நீ செய்யாதே என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். குழியில் போட்ட மண் இன்னும் காயவில்லை.

அப்புறம் கதை மூன்று சகோதரர்களுடையது. மூத்தவன் ஜாக், மனைவி மோலியோடு அப்பா அம்மா வாழ்ந்த அதே வீட்டில் இருக்கிறான். பாரியும் கடைசித் தம்பி பேட்ரிக்கும் அங்கே வந்து ஒட்டிக்கொள்கிறார்கள். அப்பா குடித்துவிட்டுக் கை நீட்டியவர் என்பது பிள்ளைகளின் பேச்சில் தெரிய வருகிறது. ஆனால் வீடு முழுக்க அவர்தான் இருக்கிறார். ஜாக் மோலிக்குத் துரோகம் செய்வதிலும், பாரி எந்தப் பெண்ணிடமும் நிலைக்காமல் ஓடுவதிலும், பேட்ரிக் எதைத் தொட்டாலும் பாவமோ என்று நடுங்குவதிலும் எனக்கு அந்த மனிதர்தான் தெரிந்தார்.

கேட்க விரும்புவது இரண்டு. அந்த அம்மா செய்தது சரியா? இரண்டாவது, ஐரிஷ் சாவு வீடு உண்மையில் எப்படி இருக்கும்? படம் துக்கத்தைக் காட்டாமலே சாப்பாட்டு மேசைக்குப் போய்விடுகிறது.

#2 கடைசி பெஞ்ச்

சரியில்லை நண்பரே. எனக்கு இதில் இரண்டாவது கருத்து கிடையாது.

கணவன் கொடுமைக்காரன், ஒத்துக்கொள்கிறேன். முப்பத்தைந்து வருடம் சகித்தாள், அதுவும் சரி. ஆனால் அதே அடியை வாங்கி வளர்ந்த பிள்ளைகள்தானே அவர்களும்? அப்பன் ஒழிந்தான், இனியாவது இந்த வீட்டில் நாம் நால்வரும் பயமில்லாமல் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்ல வேண்டிய நேரத்தில் அவள் பெட்டி கட்டுகிறாள். பேட்ரிக்கைப் பாருங்கள். இன்னும் சொந்தக் காலில் நிற்காதவன். பாவம் புண்ணியம் என்று அவன் படும் பாட்டுக்கு அம்மா இல்லாததும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு வருடம் கழித்துப் போயிருக்கலாம். ஒரு மாதமாவது.

#3 மல்லிகைப் பந்தல்

கடைசி பெஞ்ச், "ஒரு மாதமாவது" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் குடும்ப நீதிமன்ற வழக்குகள் பார்ப்பவள். "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்" என்பதை எத்தனை பெண்களுக்கு எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இந்தப் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது 1995 ஆகஸ்டில். அப்போது அயர்லாந்தில் விவாகரத்து என்பதே கிடையாது. 1937இல் எழுதிய அரசியல் சட்டமே அதைத் தடை செய்திருந்தது. 1986இல் தடையை நீக்கலாமா என்று மக்களிடம் வாக்கு கேட்டார்கள், வேண்டாம் என்று பெரும்பான்மை சொல்லிவிட்டது. மறுபடி கேட்டது 1995 நவம்பர் 24இல், அதாவது படம் வந்த மூன்று மாதத்தில். நீக்கலாம் என்றவர்கள் 50.28 சதவீதம். பதினாறு லட்சத்துக்கு மேல் விழுந்த வாக்குகளில் வித்தியாசம் ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான். ஒரு நாடே பாதிக்குப் பாதி பிளந்து நின்ற கேள்வி இது. அந்த அம்மா வளர்ந்த ஊரில் கல்யாணத்திலிருந்து வெளியே வர ஒரே வாசல் சாவு.

அவள் சாவுக்குக் காத்திருந்தாள் என்று சொன்னால் கொடூரமாகத் தெரியும். ஆனால் வேறு வழி எதுவும் அவளுக்குச் சொல்லித்தரப்படவில்லை.

#4 கடைசி பெஞ்ச்

மல்லிகை, வாக்கெடுப்பு விவரம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் அவள் வாழ்ந்தது அயர்லாந்தில் இல்லையே, நியூயார்க்கில்தானே? அங்கே பிரிந்திருக்கலாம் அல்லவா?

#5 மல்லிகைப் பந்தல்

நியூயார்க்கைப் பற்றி அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். 1966இல் சட்டம் மாறும்வரை நியூயார்க் மாநிலத்தில் விவாகரத்துக்கு ஒரே காரணம்தான் செல்லும்: துணை இன்னொருவரோடு உறவு வைத்திருப்பதை நிரூபிக்க வேண்டும். கணவன் அடித்தான், குடித்தான் என்பதெல்லாம் போதாது. யார் குற்றம் என்று காட்டாமல் நேரடியாக விவாகரத்து கேட்கும் வழி அந்த மாநிலத்தில் 2010இல்தான் வந்தது. அவள் கல்யாணத்தின் முதல் வருடங்களை ஐம்பதுகளின் கடைசியில் வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் விவாகரத்தை ஏற்காத கத்தோலிக்கத் திருச்சபை வேறு.

பேட்ரிக் விஷயத்தில் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. அதை நான் மறுக்கவில்லை.

#6 பழைய அலமாரி

நல்ல இழை. படம் எடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன், விவாதத்துக்கு அது தேவைப்படும்.

எட்வர்ட் பர்ன்ஸ் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். ஒரு பொழுதுபோக்குச் செய்தி நிகழ்ச்சியில் உதவியாளர் வேலை. எழுதி, இயக்கி, பாரியாக நடித்ததும் அவரே. படப்பிடிப்புக்கு ஆன செலவு முப்பதாயிரம் டாலருக்கும் கீழே. வீடு வாடகைக்கு எடுக்க வழியில்லை என்பதால் லாங் ஐலண்டின் வேலி ஸ்ட்ரீம் ஊரில் தன் பெற்றோர் வீட்டிலேயே எடுத்தார். மோலியாக வரும் கோனி பிரிட்டனுக்கு இதுதான் முதல் படம். 1995 சண்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசு கிடைத்தது. ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனம் வெளியிட்ட முதல் படமும் இதுவே. இசை ஷேமஸ் ஈகன். சாரா மெக்லாக்லன் பாடிய 'ஐ வில் ரிமெம்பர் யூ' பாட்டு முதலில் வெளிவந்தது இந்தப் படத்தின் இசைத் தொகுப்பில்தான்.

பர்ன்ஸின் சொந்த அப்பா நியூயார்க் காவல்துறையில் இருந்தவர். மகன் படத்துக்குப் பணம் கொடுத்து உதவியவர்களில் அவரும் ஒருவர். பிள்ளைகளைச் சிதைத்த ஓர் அப்பாவைப் பற்றிய கதைக்கு, பிள்ளையை நம்பிய ஓர் அப்பா வீட்டையும் பணத்தையும் கொடுத்திருக்கிறார். இது தெரிந்த பிறகு அந்தச் சமையலறைக் காட்சிகளில் எனக்கு வேறொரு வெதுவெதுப்பு தெரிந்தது.

#7 மேயோவிலிருந்து

திரைச்சீலை தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அயர்லாந்தின் மேற்கே மேயோ கவுண்டியில் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியாக வேலை செய்கிறேன். வந்து பல வருடம் ஆகிவிட்டது. இங்கே சாவு வீடுகளுக்குப் போய்ப் பழகிவிட்டேன்.

முதலில் ஒன்று. படத்தில் வருவது ஐரிஷ் அமெரிக்கா. அங்கே உடலை இறுதிச்சடங்கு நிலையத்தில் வைப்பதுதான் வழக்கம். இங்கே கிராமப்புறத்தில் இன்னமும் வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். முன்னறையில் சவப்பெட்டியைத் திறந்து வைப்பார்கள். கையில் ஜெபமாலை சுற்றியிருக்கும். குடும்பத்தார் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். ஊரே ஒரு வாசல் வழியாக உள்ளே வந்து, ஒவ்வொருவர் கையையும் பிடித்து "சாரி ஃபார் யுவர் ட்ரபிள்" என்று சொல்லி, உடலருகே ஒரு நிமிடம் நின்று, சமையலறை வழியாக வெளியே போகும். உங்களுக்கு வந்த கஷ்டத்துக்கு வருந்துகிறேன் என்பதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஐரிஷ் மொழியிலும் இதே வாசகம்தான். முதல் தடவை போனபோது என்ன பேசுவது என்று பயந்துகொண்டே போனேன். இந்த ஒரு வாக்கியம் என்னைக் காப்பாற்றியது.

சமையலறை வேறு உலகம். பக்கத்து வீட்டுப் பெண்கள் அதை எடுத்துக்கொண்டுவிடுவார்கள். தேநீர், சாண்ட்விச், கேக், மறுபடி தேநீர். வெளியே பளிச்சென்ற மஞ்சள் மேல்சட்டை போட்ட ஆட்கள் வயலில் கார் நிறுத்த இடம் காட்டுவார்கள். பெரும்பாலும் உள்ளூர் கேலிக் (அயர்லாந்தின் பாரம்பரிய) விளையாட்டுக் கிளப் பையன்கள். இரவு ஒன்பது மணி வாக்கில் எல்லோரும் சேர்ந்து ஜெபமாலை சொல்வார்கள். அதன் பிறகும் உடலைத் தனியே விடமாட்டார்கள், விடிய விடிய யாராவது கூட இருப்பார்கள். வேக் என்று சொல்வது இந்த விழித்திருத்தலைத்தான்.

சிரிப்பும் இருக்கும். இறந்தவர் ஒரு தடவை சந்தையில் ஏமாந்த கதை, கழுதையைத் தேடி ராத்திரி முழுக்க அலைந்த கதை என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இதை மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கதை சொல்ல ஆளில்லாத சாவைத்தான் இங்கே பாவமாகப் பார்க்கிறார்கள்.

அப்புறம் வேகம். சாதாரணமாக மூன்றாம் நாளுக்குள் அடக்கம் முடிந்துவிடும். உள்ளூர் வானொலி தினமும் சாவுச் செய்தி வாசிக்கும். 2005இல் தொடங்கிய ஆர்ஐபி டாட் ஐஇ என்ற இணையதளத்தை வயதானவர்கள் காலையில் எழுந்ததும் பார்க்கிறார்கள். சிட்னியில் இருக்கும் மகன், டொராண்டோவில் இருக்கும் மகள் எல்லாம் அந்த இரண்டு நாளுக்குள் வந்து சேர வேண்டும். அதனால்தான் இங்கே அப்பா சாவு என்பதே பிள்ளைகள் திரும்பி வருவதோடு பிணைந்து கிடக்கிறது. விமான நிலையத்திலிருந்து நேராக வந்து, பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, பத்து வருடம் பேசாத அண்ணன் பக்கத்தில் நாற்காலியில் உட்காருகிறார்கள். ஊரே கை கொடுத்துக்கொண்டு போகும்போது அந்த வரிசையிலிருந்து எழுந்து போக முடியாது. எத்தனையோ சண்டை அந்த நாற்காலிகளில் ஆறிப்போய்ப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் உயில் விஷயத்தில் புதிதாகப் பிடித்துக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன்.

#8 வாய்க்கால் வரப்பு

அக்கா, அழுகை? பெண்கள் கூடிப் பாடி அழும் வழக்கம் அங்கே உண்டா?

#9 மேயோவிலிருந்து

இருந்தது, வாய்க்கால். கீனிங் என்பார்கள், ஐரிஷில் கீன்யு. கூலிக்கு வந்து பாடும் பெண்களும் இருந்தார்கள். நம் ஒப்பாரி மாதிரியே இறந்தவனைப் பெயர் சொல்லி அழைத்து, குலப்பெருமை சொல்லி, நீ ஏன் போனாய் என்று சண்டை பிடிப்பது. 1773இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஆர்ட் ஓ லியரி மேல் அவர் மனைவி எய்லீன் பாடியதாக வரும் பாட்டுதான் அதில் பேர்போனது. பாதிரியார்கள் தலைமுறை தலைமுறையாக எதிர்த்தார்கள், இருபதாம் நூற்றாண்டில் வழக்கம் அற்றே போனது. அந்த இடத்தில் இப்போது ஜெபமாலை இருக்கிறது. இங்கே உடலருகே உரக்க அழுபவரை நான் அநேகமாகப் பார்த்ததில்லை.

#10 கடைசி பெஞ்ச்

மேயோ அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஊரே வந்து கைபிடித்து, மூன்று நாள் கூடவே உட்காரும் ஒரு சமூகத்திலிருந்து வந்தவள் அந்த அம்மா. அவளுக்கு இதன் அருமை தெரியாதா? பிள்ளைகள் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வேண்டியவள் அவள்தானே?

#11 மேயோவிலிருந்து

தம்பி, இதற்கு நேரடியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் விஷயம் ஒன்றைச் சொல்கிறேன்.

2020 ஏப்ரலில் என் அப்பா திருநெல்வேலிப் பக்கம் எங்கள் கிராமத்தில் இறந்துபோனார். இந்தியாவுக்கு விமானம் நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. போகவே முடியாது. காணொளியில் பார்த்தேன், நடுவில் நடுவில் உறைந்துபோகும் படத்தில். இங்கேயும் அப்போது இறுதிச்சடங்கில் பத்துப் பேருக்கு மேல் கூடாது, வீட்டைவிட்டு இரண்டு கிலோமீட்டர் தாண்டக் கூடாது. ஊர் ஜனம் சாவு வீட்டுக்குப் போக முடியாததால், சவ வண்டி போகும் சாலையின் இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு நின்று வழியனுப்புவார்கள். நாடு முழுக்க அப்படி நடந்தது.

அன்று சாயங்காலம் கதவைத் திறந்து பார்க்கிறேன், என் வீட்டு முன்னால் சாலையில் ஆட்கள் நிற்கிறார்கள். பக்கத்து வீடு, எதிர் வீடு, தபால்காரர், என்னோடு வேலை செய்யும் இரண்டு பேர். போவதற்கு வண்டியில்லை, உடலும் இல்லை. ஏறக்குறைய ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு மனிதர் இறந்திருக்கிறார், அவரை இவர்கள் பார்த்ததே கிடையாது. ஆனாலும் நின்றார்கள். மதில் மேல் ஒருவர் சாண்ட்விச் வைத்துவிட்டுப் பின்னால் போனார். ஒவ்வொருவராக அந்த ஒரே வாக்கியத்தை அங்கிருந்தே சொன்னார்கள். என் அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார் ஒரு பெரியவர். மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் சைக்கிள் பூட்டைத் தொலைத்துவிட்டுச் சைக்கிளைத் தோளில் தூக்கி வந்த கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த அம்மாவுக்கு லாங் ஐலண்டில் இப்படி ஒரு சாலை இருந்ததா என்று படம் சொல்வதில்லை. தன் வீட்டுக்குள் நடந்ததை அந்த ஊர் அறிந்திருந்ததா என்றும் சொல்வதில்லை. கை கொடுக்க வந்தவர்கள் "நல்ல மனுஷன்" என்று சொல்லச் சொல்ல, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

#12 கடைசி பெஞ்ச்

அக்கா, ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. உங்கள் அப்பாவுக்கு என் அஞ்சலி.

கடைசியாக நீங்கள் கேட்டதை நான் யோசித்திருக்கவில்லை.

#13 திரைச்சீலை

இன்று மதியம் என் அம்மாவோடு உட்கார்ந்து முதல் காட்சியை மறுபடி போட்டேன். வரிக்கு வரி தமிழில் சொன்னேன். அம்மாவுக்கு 67 வயது. அந்தப் பெண் செய்தது சரியா தப்பா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்த ஆள் இத்தனை வருஷம் கல்யாணம் பண்ணாமலா இருந்தான்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஃபின்பாரைத் திரையில் காட்டுவதே இல்லை. பழைய அலமாரி சார், உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?

#14 பழைய அலமாரி

உங்கள் அம்மா கேட்டதுதான் இந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட கேள்விகளிலேயே சிறந்தது. படத்தில் பதில் இல்லை, ஆனால் அந்தக் காலத்து அயர்லாந்தில் இருக்கிறது.

1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே நிலத்தைத் துண்டு போடுவதை விட்டுவிட்டார்கள். முழுப் பண்ணையும் ஒரே மகனுக்கு. அவனுக்கு வரும் மனைவி கொண்டுவரும் சீதனத்தில் ஒரு தங்கைக்குக் கல்யாணம். மற்றப் பிள்ளைகளுக்குக் கப்பல். 1950களில் மட்டும் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் வெளியேறினார்கள். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களும் தனியாகக் கப்பல் ஏறியது அயர்லாந்தின் தனித்தன்மை. கல்யாணமானால் அரசு வேலையை விட வேண்டும் என்ற விதி அங்கே 1973 வரை இருந்தது. ஊரில் அவர்களுக்கு என்ன இருந்தது? போகிறவர்களுக்கு முந்தின இரவு வீட்டில் ஒரு வேக் நடத்துவார்கள், செத்தவருக்கு நடத்துவது போலவே. அதற்கு அமெரிக்கன் வேக் என்று பெயர். திரும்பி வரமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சரி, நிலம் கிடைத்த மகன்? அவன் நிலையும் சுலபமில்லை. அப்பா நிலத்தை எழுதிக்கொடுக்கும்வரை அவனால் கல்யாணம் செய்ய முடியாது. அப்பாக்கள் எழுபது வயதானாலும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள். 1930களில் கிளேர் கவுண்டியில் ஆய்வு செய்த இரண்டு அமெரிக்க மானுடவியலாளர்கள், நாற்பத்தைந்து வயது ஆணைக்கூட ஊரார் "பையன்" என்று அழைப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அப்பா உயிரோடு இருக்கும்வரை அவன் பையன்தான். அந்த நூற்றாண்டின் நடுவில் 45 முதல் 54 வயதுவரையான ஐரிஷ் ஆண்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் கல்யாணமே ஆகாதவர்.

ஃபின்பார் அப்படி ஒருவராக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். அவர் தன் அப்பாவின் சாவுக்குக் காத்திருந்தார். அவள் காத்திருக்க முடியாமல் கப்பல் ஏறினாள். அமெரிக்காவுக்கு வந்து இன்னொருவனைக் கட்டிக்கொண்டு, இப்போது இன்னோர் அப்பாவின் சாவுக்குப் பிறகு திரும்பிப் போகிறாள்.

அதனால் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்: ஆமாம், பண்ணாமலே இருந்திருக்க முடியும்.

#15 மேயோவிலிருந்து

சார் சொல்வது அப்படியே உண்மை. எங்கள் இல்லத்தில் அப்படிப்பட்ட தாத்தாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்வையாளர் நேரத்தில் அண்ணன் மகனோ தம்பி மகளோ வந்தால் உண்டு. ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அப்பா இறந்தபோது தனக்கு 51 வயது என்றார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, அப்பாவின் நாற்காலியில் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டே தேநீர் குடித்தாராம். "கல்யாணம்?" என்று கேட்டேன். "அவள் அதற்குள் பாஸ்டன் போய் இருபது வருடம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் திரும்பி வரவில்லை.

#16 மல்லிகைப் பந்தல்

இதைப் படித்த பிறகு அந்த முதல் காட்சியில் அம்மாவின் அவசரம் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. "ஒரு மாதமாவது" என்று கடைசி பெஞ்ச் கேட்டார். அங்கே காத்திருப்பவருக்கும் அறுபது வயதாவது ஆகியிருக்கும் அல்லவா?

#17 கடைசி பெஞ்ச்

ஆகியிருக்கும். அவள் கிளம்பியதை இனி நான் தப்பு சொல்லமாட்டேன்.

ஆனால் பேட்ரிக் விஷயத்தில் மட்டும் மனம் ஆறவில்லை. அவள் பாரியிடம்தான் சொல்லிவிட்டுப் போகிறாள். நடு மகனிடம் சொன்னாள், சரி. கடைசிப் பிள்ளையிடம் யார் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள்? அதைப் படம் காட்டவில்லை. எனக்கு அந்தக் காட்சி வேண்டியிருக்கிறது.